புரண்டு படுக்கிறான்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுகந்தி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. வேண்டிய மட்டும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய பருத்தித்துறை வடையை இவரே தின்று தீர்த்துவிட்டார்.

சின்னவன் குப்புறப் புரண்டுவிட்டான்! ஐந்தாம் மாதம் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை பாயில் கிடத்தியிருந்தேன். வலது காலைத் தூக்கி இடப்பக்கம் போட்டு, இடுப்பைத் திருப்பி, மார்புக்கடியில் அகப்பட்ட கையை எடுக்க முடியாமல் முனகினான். எடுத்ததும் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை. பிள்ளைத்தமிழில் வரும் செங்கீரைப் பருவத்தை நீ வகுப்பில் நடித்துக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதே கோலம்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. குப்புறப் போகத் தெரிந்தவனுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. நான் மல்லாக்கத் திருப்பிவிட்டால், காலி நகரப் பக்கம் போகும் ரயிலின் சத்தம் ஓய்வதற்குள் மறுபடியும் குப்புறக் கிடக்கிறான்.

குப்புறப் படுத்தால்தான் கக்கினாலும் தொண்டையில் அடைக்காது என்கிறார் மாமி. அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே குப்புறக் கிடத்தச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல்தான் அதை வேண்டாம் என்றது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அங்கே நித்திரையில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் தொகை ஏறக்குறையப் பாதியானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கியது மேலேறி மூச்சுக்குள் போவது கடினம். மாமிக்குப் படம் வரைந்தே காட்டினேன். தன் சேலையில் கட்டிய ஏணையை அவரே அவிழ்த்து மடித்து வைத்தார். முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை.

குடும்பநல மருத்துவமாது தெளிவாகச் சொன்னார்: ஒரு வயது வரை எப்போதும் மல்லாக்கவே கிடத்த வேண்டும். இரு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த பிறகு, அவன் திரும்பிப் படுத்தால் அப்படியே விடலாம். அதுவரை கண்டால் மெல்லத் திருப்பிவிட வேண்டும். துணியால் சுற்றிக் கட்டுவது இனிக் கூடவே கூடாது. தொட்டிலில் இறுக்கமான மெத்தையும் விரிப்பும் மட்டும்; நீ தைத்தனுப்பிய குட்டித் தலையணையும் அலுமாரிக்குப் போய்விட்டது, கோபிக்காதே. பகலில் விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போட்டு விளையாடவிடுகிறேன்; கழுத்தும் தோளும் பலப்பட்டால் திரும்பி வரவும் கற்றுக்கொள்வான்.

உன் பெரியக்கா வீட்டு அந்த மார்கழி விடியல் இரவெல்லாம் என் கண்முன் நிற்கிறது. அக்கா ஒரு தவறும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டாதே.

பொங்கலுக்கு வருகிறாயா என்று எழுது. பாயைத் தரையிலேயே விரித்து வைத்திருக்கிறேன்; இனிப் பகலில் கட்டிலில் அவனை ஒரு நிமிடமும் தனியே விட முடியாது.

அன்புடன்,
வாசுகி