பருவ நிறைவு மடல்: பிள்ளைகளின் உடல் எடையும் கைப்பேசிச் செயலிகளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இப்பருவம் நல்லபடியாக நிறைவு பெறுகிறது. தேர்வுகள் குறித்த காலத்தில் முடிந்து, திருத்திய விடைத்தாள்கள் மாணவர்களிடம் வழங்கப்பட்டுவிட்டன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் பேச்சுப் போட்டிகளும் சிறப்பாக நடந்தேறின. பங்கேற்றவர்களுக்கும் பரிசு பெற்றவர்களுக்கும் பாராட்டுகள். நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்திருக்கின்றன. விடுமுறை நாள்களும் அடுத்த பருவத்தின் தொடக்க நாளும் மாணவர் குறிப்பேட்டில் எழுதி அனுப்பப்பட்டுள்ளன.

இவற்றோடு, வகுப்பாசிரியர்கள் பலர் இப்பருவத்தில் என்னிடம் கொண்டுவந்த ஒரு செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் உடல் எடை அளவோடு இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பெற்றோர் பலர் கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறீர்கள். உண்ட உணவு, அதன் கலோரி, நடந்த அடிகள், உறங்கிய நேரம், உயரம், எடை என எல்லாவற்றையும் அவை குறித்து வைக்கின்றன.

தங்கள் கவலை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடையுடன் இருந்தனர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்று சொல்லத்தக்க நிலையை எட்டியிருந்தனர். 1990ஆம் ஆண்டில் இந்த வயதினருள் நூற்றுக்கு 8 பேர் மிகை எடையுடன் இருந்தார்கள். 2022இல் அது நூற்றுக்கு 20 பேர் ஆகிவிட்டது. பிள்ளைப் பருவத்தில் ஏறிய எடை பெரும்பாலும் வளர்ந்த பின்பும் கூடவே வருகிறது. ஒரு காலத்தில் பெரியவர்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் ஈரலில் கொழுப்புப் படிதலும் இன்று பள்ளி வயதிலேயே தலைகாட்டுகின்றன. ஆகவே, இதைக் குறித்து அக்கறை கொள்ளும் எந்தப் பெற்றோரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. செயலி யார் கையில் இருக்கிறது, எதை அளக்கிறது, அளந்த கணக்கு யார் யார் கண்ணில் படுகிறது என்பவைதான் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன.

பள்ளியில் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். யார் என்று அறிய முடியாதபடி விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். உணவு இடைவேளையில் ஒரு மாணவி உணவுப் பெட்டியைத் திறந்து, கரண்டியால் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பாதியை மட்டும் உண்டுவிட்டு மூடினாள். பசிக்கவில்லையா என்று ஆசிரியை கேட்டதற்கு, “பசிக்குது மிஸ். ஆனா இன்னைக்குக் கணக்கு முடிஞ்சுபோச்சு. இதுக்கு மேல சாப்பிட்டா ஃபோன்ல சிவப்பு காட்டும்” என்று மெல்லச் சொல்லியிருக்கிறாள். வேறொரு வகுப்பில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மேசைக்கடியில் கையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்த மாணவர்களை ஆசிரியர் விசாரித்தபோது, கைக்கடிகாரத்தில் அடிகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். மாலைக்குள் இலக்கை எட்டவில்லை என்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டுமாம். பெற்றோர் தாங்களாகவே நடத்தும் ஒரு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் எடையைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள் இடப்பட்டு, யார் வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ குறைத்தது என்ற போட்டியாகவே அது மாறியிருக்கிறது. பெரியவர்கள் இட்ட அந்த எண்கள் அடுத்த சில நாள்களில் மாணவர்களின் வாயில் பட்டப்பெயர்களாகப் புழங்கின.

செயலி காட்டும் எண்ணைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., பெரியவர்களுக்கு ஒரே அளவுகோலாக இருக்கிறது: 25ஐத் தொட்டால் மிகை எடை, 30ஐத் தொட்டால் உடற்பருமன். வளரும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களின் குறியீட்டெண்ணை வயதோடும் பாலினத்தோடும் சேர்த்து, வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயதினருக்கென 2007இல் தனி வரைபடங்களை வெளியிட்டிருப்பது இதற்காகவே. குறியீட்டெண் 18 என்று வைத்துக்கொள்வோம். 6 வயதுப் பிள்ளைக்கு அது மிகை எடை. 14 வயதுப் பிள்ளைக்கு அது இயல்பான எடை. பெரியவர் ஒருவருக்கோ அது எடைக் குறைவு. பெரியவர்களுக்காக உருவாக்கப்பட்ட செயலியில் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் இட்டு, அது காட்டும் நிறத்தைப் பார்த்து மகிழ்வதும் கலங்குவதும் எவ்வளவு தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். மேலும், பூப்பெய்தும் பருவத்தை ஒட்டி எடை ஏறுவதும் உயரம் பின்னால் வருவதும் பல பிள்ளைகளிடம் காணக்கூடியவை. எடை சற்றுக் கூடியிருக்கும் பிள்ளைக்குக்கூட, எடையைக் குறைக்காமல் அப்படியே நிறுத்திவைத்து உயரம் அதை ஈடுசெய்ய விடுவதே பல நேரங்களில் மருத்துவர்கள் சொல்லும் வழி. வாரத்துக்கு இத்தனை கிலோ குறைய வேண்டும் என்று இலக்கு வைக்கும் செயலிக்கு இந்த வளர்ச்சிக் கணக்கு தெரியாது.

ஆகவே சில முடிவுகளை எடுத்திருக்கிறோம். இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து, அடிகளையும் கலோரியையும் எண்ணும் கைக்கடிகாரங்களையும் பட்டைகளையும் மாணவர்கள் வகுப்பறைக்குள் அணிந்துவரக் கூடாது. மருத்துவர் எழுத்துமூலம் பரிந்துரைத்த கருவிகளுக்கு, எடுத்துக்காட்டாகச் சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் குளுக்கோஸ் அளவிக்கு, இத்தடை இல்லை. எந்தப் பிள்ளையின் எடையும் குறியீட்டெண்ணும் உணவுக் கணக்கும், அது தங்கள் சொந்தப் பிள்ளையுடையதாகவே இருந்தாலும், பள்ளியின் பெயரிலோ வகுப்பின் பெயரிலோ இயங்கும் எந்தக் குழுவிலும் இடப்படக் கூடாது. உணவு இடைவேளையில் மீந்த உணவைப் படம் எடுத்து அனுப்பும்படி ஆசிரியர்களிடம் கேட்பதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். இனி அவ்வாறு யாருக்கும் அனுப்பப்படாது. ஒரு பிள்ளை தன் நண்பர்களோடு அமர்ந்து உண்ணும் அந்தச் சிறிது நேரம் யாருடைய கண்காணிப்புக்கும் உரியதன்று. எடையைச் சொல்லிக் கேலி செய்யும் மாணவரை நாங்கள் அழைத்துக் கண்டிப்போம். அந்தக் கேலிக்கு வேண்டிய எண்ணைப் பெரியவர்களே எடுத்துக் கொடுப்பதை ஏற்க முடியாது.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எடையைக் குறித்த கேலியும் ஓயாத பேச்சும் பிள்ளையை ஒல்லியாக்குவதில்லை. ஒளித்து உண்ணவும், பட்டினி கிடக்கவும், விளையாட்டு மைதானத்துக்கு வரவே கூசவும் பழக்குகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பருமனையும், பட்டினி கிடப்பது, அளவின்றி உண்பது போன்ற உணவுக் கோளாறுகளையும் ஒருசேரத் தடுக்க வேண்டுமானால் வீட்டில் எடையைப் பற்றிய பேச்சைத் தவிர்க்க வேண்டும், பிள்ளைகளை உணவுக் கட்டுப்பாட்டில் தள்ளக் கூடாது, குடும்பமாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது.

அப்படியானால் செயலிகளை அடியோடு நீக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அவை பெற்றோரின் கைப்பேசியில் இருந்துகொண்டு பெற்றோருக்கு உதவும்போது நல்ல பயனைத் தருகின்றன. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘மினிஸ்டாப்’ என்ற பெயரில், மழலைப் பருவப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே ஒரு செயலியை உருவாக்கி 6 மாதம் பயன்படுத்தச் செய்தனர். 2017இல் வெளியான முடிவின்படி பிள்ளைகளின் உடல் கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் உணவுப் பழக்கம், உடலியக்கம் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிட்டபோது முன்னேற்றம் தெரிந்தது. பிறகு செவிலியர் வழியாக இன்னும் இளம் பிள்ளைகளின் பெற்றோருக்கு வழங்கப்பட்ட அதன் இரண்டாம் வடிவத்தில், பிள்ளைகள் உண்ணும் தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களும் திரைமுன் கழியும் நேரமும் குறைந்திருந்தன. இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இதுதான்: செயலியால் வீட்டின் பழக்கத்தை மாற்ற முடியும், சில மாதங்களில் எடைக்கருவியின் முள்ளை நகர்த்தும் என்று அதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வீட்டின் பழக்கம் என்று சொல்லும்போது முதலில் என் நினைவுக்கு வருவது இனிப்புப் பானங்கள். பொட்டலத்தின் பட்டைக்கோட்டை (பார்கோடு) ஸ்கேன் செய்தால் அதிலுள்ள சர்க்கரையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2016இலேயே இப்படியொரு செயலியைப் பெற்றோருக்காக வெளியிட்டது. ஆனால் எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம் சர்க்கரை என்று காட்டினால் அது சிறிய அளவாகத் தோன்றும். பாட்டில் 500 மில்லிலிட்டர் என்றால், அதைக் குடித்து முடிக்கும் பிள்ளையின் உடலுக்குள் 55 கிராம் போகிறது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றிலுள்ள சர்க்கரையும் நாளொன்றின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்துள்ளது. நாளொன்றுக்கு 1600 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அந்த 10 விழுக்காடு என்பது 40 கிராம்தான். ஒரே பாட்டில் அதைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைக் கடையில் வாங்குவதற்கு முன் பெற்றோர் போட்டுப் பார்ப்பதே செயலியின் சரியான பயன். வாங்கிக் கொடுத்த பிறகு பிள்ளையை அதற்குக் கணக்கு எழுதச் சொல்வதில் நியாயம் இல்லை.

செயலியில் எதையேனும் குறித்துவைக்க வேண்டும் என்று விரும்பினால், குடும்பம் முழுவதும் செய்ததைக் குறித்துவையுங்கள். இந்த வாரம் எத்தனை இரவு எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல் உண்டோம்? பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனது? 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடி, அடுத்த நாள் இனிப்பையும் கொழுப்பையும் நாட வைக்கின்றன. இரவு படுக்கையறையிலிருந்து கைப்பேசியை வெளியே எடுக்க ஒரு நினைவூட்டல் வைத்தால், எந்தக் கலோரிக் கணக்கையும்விட அது கூடுதலாக உதவக்கூடும். 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் ஒரு பகுதியை எங்கள் உடற்கல்வி வகுப்புகளும் இடைவேளைகளும் தருகின்றன. எஞ்சியதற்குத் தாங்களும் கூட வந்து நடந்தால் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தோன்றாது.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் எடையும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் பாருங்கள். 8 வயதுப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு எடைக்குறைப்புச் செயலி, 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இன்றித் திரட்டியது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2022இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில் 15 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. திரட்டிய விவரங்களையும் அழிக்க வேண்டியதாயிற்று. வயதைக் கேட்காத செயலியையும், இலவசம் என்று சொல்லிவிட்டு உணவு விளம்பரங்களைக் காட்டும் செயலியையும், ‘முன்’, ‘பின்’ என்று பிள்ளைகளின் படங்களைப் போடும் செயலியையும் தவிர்ப்பது நல்லது. பிள்ளையின் எடை குறித்து உண்மையிலேயே கவலை இருந்தால், முதலில் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வரைபடத்தில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல், சில ஆண்டுகளின் போக்கைப் பார்த்துச் சொல்வார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியரும் பள்ளிச் செவிலியரும் இதைப் பற்றிப் பேச இருக்கிறார்கள். தாங்கள் பயன்படுத்தும் செயலியைக் கைப்பேசியோடு கொண்டுவந்து காட்டினால், அதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை அணைத்துவைக்கலாம் என்று சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம். தனியாகப் பேச விரும்புவோர் வகுப்பாசிரியர் வழியாக என்னிடம் நேரம் கேட்கலாம். பிள்ளையின் பெயர் அறையை விட்டு வெளியே போகாது.

குழுவில் இட்ட படங்களை ஆசிரியர்கள் சுட்டிக்காட்டியதுமே நீக்கிய பெற்றோருக்கு என் தனிப்பட்ட நன்றி. வேலை முடித்துக் களைத்து வந்த மாலையிலும் பிள்ளைகளோடு விளையாட இறங்கும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் மறுநாள் அதை ஆசிரியர்களிடம் பெருமையோடு சொல்கிறார்கள். இப்பருவம் முழுவதும் தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். விடுமுறை பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் இனிதாக அமைய வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்