பனிமூட்டம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போகிக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் "கடும் பனிமூட்டம், விமானங்கள் தாமதம்" என்று தலைப்பு வந்திருந்தது. நான் குடியிருப்பது பல்லாவரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கம். போகியன்று விடியற்காலை நாலரை மணிக்கு என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டார். ஆறு மணிக்கு நான் போய்ப் பார்த்தால், வெள்ளைக் கோலத்தின் மேல் கறுப்பு நூல் துண்டுகள் மாதிரி ஏதோ விழுந்து கிடக்கிறது. தொட்டால் பறக்கவில்லை, இழுபடுகிறது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் லேசாகக் கறை நின்றது. டயர் எரிந்த கரி. இதைப் போய்ப் பனி என்று எழுதலாமா?

சொல்லில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். பனி என்று எழுதிவிட்டால் அது மார்கழி, தை மாதத்தின் வேலை, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புகை என்று எழுதினால் உடனே "யார் விட்ட புகை?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து திரிசூலம் மலையும், சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிப் பரங்கிமலையும் தெரியும். தினமும் காலையில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் பரங்கிமலை பளிச்சென்று இருக்கும். வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பிறகு, காற்று அசையாத நாட்களில், திரிசூலம்கூட மங்கிவிடும். இரவு வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்வதால் புகை மேலே ஏற முடிவதில்லை. எங்கள் தெருமுனை டீக்கடை அடுப்புப் புகையே அந்த நேரத்தில் ஓர் ஆள் உயரம் போய் அப்படியே படுத்துவிடுகிறது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத்தான் கலையும்.

ஈரத்துக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மழைக்காலத்தில் ஜாடி உப்பு கசியுமே, அதே மாதிரி காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் ஈரத்தை இழுத்து உப்பிப் பெரிதாகின்றன, அப்போது வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணை மறைக்கின்றன. கடல் உப்பும் இப்படித்தான், அனல்மின் நிலையப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட்டும் இப்படித்தான். டெல்லிக் குளிர்காலப் புகைமூட்டத்தை ஆராய்ந்து சென்னை ஐஐடி தலைமையிலான குழு 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அங்கே பார்வை மங்குவதில் ஏறக்குறைய பாதிக்கு, குளோரின் கலந்த துகள்கள் ஈரத்தை இழுப்பதுதான் காரணம் என்றார்கள். பிளாஸ்டிக் குப்பை எரிப்பதும் சில தொழிற்சாலைகளும் அந்தக் குளோரினைத் தருகின்றன. எங்கள் பகுதியிலும் ஒரு பழைய இரும்புக் கடையில் செம்பு எடுக்க ராத்திரியில் வயரைக் கொளுத்துகிறார்கள், அந்த நெடி வந்தால் ஜன்னலைச் சாத்தாமல் தூங்க முடியாது. அதை நினைத்துக்கொண்டுதான் கட்டுரைச் செய்தியைப் படித்தேன்.

எந்தப் புகை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியா இல்லை? வடிதாளில் பிடித்த தூசியைச் சோதித்தால் அதுவே சொல்லும். விறகு, சருகு எரிந்திருந்தால் பொட்டாசியமும் லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரை வகையும் இருக்கும். டயர் என்றால் துத்தநாகம், கப்பல்களில் எரிக்கும் கனரக எண்ணெய் என்றால் வனேடியமும் நிக்கலும், ரோட்டுப் புழுதி என்றால் சிலிக்கனும் அலுமினியமும். தூரத்துப் புகையா என்று தெரிய, காற்று வந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். 2019 நவம்பரில் சென்னை நாள்கணக்கில் மங்கிக் கிடந்தபோது, டெல்லிப் புகை வந்துவிட்டது என்று ஒரு தரப்பும், இல்லை, கடல்காற்று வீசாததால் உள்ளூர்ப் புகையே தேங்கிவிட்டது என்று இன்னொரு தரப்பும் வாதாடியது நினைவிருக்கும். தூரத்துப் புகை வரவே வராது என்றும் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் இந்தியப் பக்கமிருந்து போன மாசுக் காற்றால் இலங்கையில் பள்ளிகளுக்கே ஒருநாள் விடுமுறை விட்டார்கள்.

ஆறு நகரங்களின் காற்று மாசு எதிலிருந்து வருகிறது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்வித்த ஆய்வு 2011-ல் வெளியானது, சென்னையும் அதில் இருந்தது. அதன் பிறகு இந்த நகரம் எவ்வளவு மாறிவிட்டது! மாநில வாரியம் ஒவ்வொரு போகிக்கும் மண்டலவாரியாக அளந்து எண்களை வெளியிடுகிறது, சரி. ஆனால் அது எவ்வளவு புகை என்றுதான் சொல்கிறது, எதன் புகை என்று சொல்வதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடிதாள்களைச் சோதித்து, மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளால் எவ்வளவு, கொடுங்கையூர், பெருங்குடியில் குப்பை எரிவதால் எவ்வளவு, வண்டிகளால் எவ்வளவு என்று வருடாவருடம் வெளியிடச் சொல்லி உங்கள் நிருபர்கள் வாரியத்தைக் கேட்க வேண்டும்.

அதுவரை, விமானம் தாமதமான செய்தி போடும் நாட்களில் அன்றைய ஈரப்பதத்தையும் நுண்துகள் அளவையும் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். என் நோட்டுப் பக்கங்கள் பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பல்லாவரம்