குர்பாணி தமிழ் எழுத்தில் வரத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபில் உள்ள திருப்பாடல்களே குர்பாணி. அதிலிருந்து ஜப்ஜி, ஸோஹிலா, ஆனந்த் சாஹிப், ஸுக்மனி, ஆஸா தி வார் ஆகியவை தமிழ் எழுத்தில் உரையுடன் அச்சாகிவிட்டன.

பஞ்சாபி எழுத்தான குர்முகியில் உள்ள மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத் தந்த கிரந்திகளுக்கு (கிரந்தத்தை ஓதுவோருக்கு) முதல் வணக்கம். சொல்லின் கடைசியில் நிற்கும் குறில் இகரமும் உகரமும் ஓதும்போது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. பொருளோ அவற்றில் இருக்கிறது. ‘நானகு’ எழுவாய், ‘நானக’ பெரும்பாலும் விளி, ‘நானகி’ என்றால் நானக்கால். கிரந்தத்தின் தொடக்கமான மூலமந்திரத்தில் ‘குர் ப்ரஸாதி’ என்பதன் இகரம்தான் ‘அருளால்’ என்பதில் உள்ள ‘ஆல்’. காதில் விழுந்ததை மட்டும் எழுதியிருந்தால் வேற்றுமை அத்தனையும் போயிருக்கும். அவற்றைச் சிற்றெழுத்தில் அச்சிடச் சொன்னதும் அவர்களே.

க, க², க³, க⁴ என்று மேலெண் இட்டு மெய்ப்பு பார்த்தவர்களுக்கு நன்றி. எண் இல்லாவிட்டால் கை (கர்), கழுதை (க²ர்), வீடு (க⁴ர்) மூன்றுமே தமிழில் ‘கர்’ ஆகிவிடும்.

பாடல் தலைப்பில் உள்ள எண்களைச் சரிபார்த்த மாணவர்களின் உழைப்பு வெளியே தெரியாது. கிரந்தத்தில் பாடல் உள்ள குருமார்கள் எல்லாரும் ‘நானக்’ முத்திரையிலேயே பாடினார்கள். யார் பாடியது என்பதை, பாடியவர் எத்தனையாவது குரு என்று சொல்லும் மஹலா எண்தான் காட்டும். ‘மஹலா 1’ என்பதை ‘மஹலா பஹிலா’ என்று, முதலாம் என்ற பொருளில் வாசிக்க வேண்டும் என்ற குறிப்பும் அவர்கள் சேர்த்ததே. ‘ரஹாவு’ வரிகளை ஒன்றுவிடாமல் பிடித்தார்கள். பல்லவிபோல் கீர்த்தனையில் திரும்பத் திரும்ப வருவது அது. பதத்தின் மையக் கருத்தும் அதிலேயே. 24 அஷ்டபதிகள் (எட்டுப் பத்திப் பாடல்கள்) கொண்ட ஸுக்மனியில் ரஹாவு ஒன்றே ஒன்று, 262ஆம் அங்கில் (கிரந்தப் பக்கத்தில்), முதல் அஷ்டபதியில். அது தவறியிருந்தால் நூலின் உயிர்நாடியே தவறியிருக்கும்.

ஆஸா தி வாரைப் பாடிக் காட்டிய, கீர்த்தனைப் பாடகர்களான ராகிகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மூலத்தில் 462 முதல் 475 வரையிலான அங்குகளில் 24 பவுடிகளும் (பத்திகளும்) அவற்றுக்கான ஸலோக்குகளும் (குறும்பாடல்களும்) மட்டுமே உள்ளன. பாடும்போது இடையிடையே வரும் குரு ராம்தாஸின் சந்த்துகள் என்ற பாடல்கள் 448 முதல் 451 வரையுள்ள அங்குகளைச் சேர்ந்தவை. இரண்டையும் வேறு வேறு எழுத்துருவில் பிரித்தது இவர்கள் யோசனை. நிகழ்ச்சி முடிவில் பாடும் ஆனந்த் சாஹிப் முதல் ஐந்து பவுடிகளும் நாற்பதாவதும் சேர்ந்தது, முதல் ஆறு அல்ல என்று திருத்தியதும் இவர்களே.

கழிவுத் தாள்களைக் காலடியில் விடாமல் துணியில் சுற்றி ஒப்படைத்த அச்சகத் தோழர்களுக்கும் நன்றி.

பிழை கண்டால் அங்கு எண்ணும் வரியும் குறித்து எழுதுங்கள், மறுபதிப்பில் திருத்துகிறோம்.

வாஹேகுரு ஜீ கா கால்ஸா, வாஹேகுரு ஜீ கீ ஃபதேஹ்.

பதிப்புக் குழுவினர்