பார்கா

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனில் நீ "அப்பா, பார்கா வாங்கியாச்சு" என்றது என் காதில் "பார்க்க வாங்க" என்று விழுந்துவிட்டது. அதனால்தான் பாஸ்போர்ட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு உன் அம்மா சொல்லித்தான் அது குளிருக்குப் போடுகிற, தலைமூடி வைத்த கோட்டு என்று புரிந்தது. போன வருஷம் நீ விண்டர் ஜாக்கெட் என்றபோது, குளிருக்கு எதற்கடி ரவிக்கை என்று கேட்டவளும் அவள்தான்.

நாற்பது வருஷம் தைத்தவனுக்குத் தெரியாத உடுப்பா என்று எனக்கு ரோஷம். மாடிவீட்டுத் தம்பியைத் தேடச் சொன்னேன். பிறப்பில் அது இங்கிலீஷ் சொல்லே இல்லையாம். ரஷ்யாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்களின் சொல். தோலுடுப்பு என்று பொருள். ரோமத்தோல் தேடிக் கிழக்கே போன ரஷ்யர்கள், 18ஆம் நூற்றாண்டில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுக்காரர்கள் பறவைத் தோலில் தைத்துப் போட்டிருந்ததையும் பார்கா என்றே சொன்னார்கள். 1867இல் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றார்கள். சொல் அங்கேயே தங்கிவிட்டது.

சொல்லைவிடத் தையல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய பார்காவில் முன்பக்கத் திறப்பு கிடையாது, தலைவழியாகத்தான் போட வேண்டும். காற்று நுழைய இடமில்லை, காஜா எடுக்கிற வேலையும் மிச்சம்! மழைக்குக் கடற்சிங்கத்தின் குடலைக் காயவைத்துத் தைப்பார்களாம். நூலுக்குப் பதில் தசைநார். நனைந்ததும் நார் ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு மெஷின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தைத்த மழைக்கோட்டு தையலில் ஒழுகுகிறது என்று எத்தனை பேர் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்!

அப்புறம் ஒன்று. தலைமூடியின் ஓரத்து ரோமம் கரடி மாதிரி இருக்கிறது, கழற்றிவிட்டேன் என்றாயே, மறுபடி மாட்டிக்கொள். அது அழகுக்கு வைத்ததில்லை, முகத்தில் காற்று அறையாமல் தடுப்பதற்கு. வடக்கே வால்வரின் என்ற விலங்கின் ரோமத்தைத் தேடி வைப்பார்களாம். மூச்சுக்காற்று அதில் பனியாகப் படிந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும்.

கை இரண்டு இஞ்ச் நீளம் என்று கடையில் கொடுத்து வெட்டிவிடாதே. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக் கையை நீட்டிப் பார், சரியாக இருக்கும். உள்தையல் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

நீ கூப்பிடவில்லைதான். இருந்தாலும் உன் அம்மா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா