மாமாவுக்கு மட்டும்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
நவம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் லாரி ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் முதலில் படியுங்கள். அக்காவிடம் எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல்லுங்கள். அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

தையில் பாப்பாவின் காதுகுத்துக்கு என்னால் வர முடியாது. லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னது பொய். லீவு எப்போதோ கிடைத்துவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தின விடுமுறைக்கு நண்பர்கள் இருவரோடு யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்குக் காரில் போனேன். நெவாடாவைக் கடந்து, அரிசோனாவின் ஒரு மூலையில் நுழைந்து வெளியே வந்தால் யூட்டா. உங்கள் வண்டிகள் ஓசூரைத் தாண்டுவது போலத்தான். அங்கே ஒரு வரவேற்புப் பலகை மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டினால் சட்டம் வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரவு சாப்பாட்டோடு பீர் குடித்தேன். எத்தனை என்று போலீஸ்காரர் கேட்டபோது இரண்டு என்றேன். உங்களிடம் சொல்கிறேன், மூன்று. விடுதி நான்கு மைல்தானே என்று சாவியைக் கேட்டு வாங்கியதும் நான்தான்.

கார் இரண்டு முறை ஓரக்கோட்டைத் தொட்டதாம். போலீஸ்காரர் நிறுத்தி இறங்கச் சொன்னார். தலையை அசைக்காமல் பேனா நுனியைக் கண்ணால் மட்டும் தொடரச் சொன்னார். அடுத்து, முன்கால் குதிகாலும் பின்கால் விரலும் ஒட்டும்படி ஒரு கோட்டின்மேல் ஒன்பது அடி நடந்து, திரும்பி, மறுபடியும் ஒன்பது அடி. வாய்விட்டு எண்ண வேண்டும். பதற்றத்தில் தமிழில் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஐந்து என்றபோதுதான் அது எனக்கே கேட்டது. நின்று, ஆங்கிலத்துக்கு மாறப் பார்த்ததில் கால் கோட்டைவிட்டு விலகியது. அவர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். பேசாமல் இருக்கும் உரிமை உண்டு என்று அவரே பின்னால் சொன்னார். நானோ வாய்மொழித் தேர்வுக்கு வந்தவன்போல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைகளைப் பின்னால் வைத்து விலங்கு மாட்டினார்கள். காரை இழுவை வண்டி கொண்டுபோனது. நிலையத்தில் 15 நிமிடம் வாயில் எதுவும் போடவிடாமல் உட்காரவைத்து, பிறகு கருவியில் ஊதச் சொன்னார்கள். சாலையில் வண்டி ஓட்டினாலே இந்தச் சோதனைக்குச் சம்மதித்ததாகத்தான் இங்கே கணக்கு. மறுத்தால் அதற்காகவே ஓட்டும் உரிமை போகும். ஊதினேன். ரத்தத்தில் ஆல்கஹால் 0.07 சதவீதம் என்று காட்டியது.

கலிபோர்னியாவில் வரம்பு 0.08. யூட்டாவில் 2018 டிசம்பர் 30 முதல் 0.05. ‘எல்லைக்கு இந்தப் பக்கம் ஊதியிருந்தால்’ என்று இரண்டு நாள் எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டிருந்தேன். நம் நாட்டுச் சட்டம் நினைவுக்கு வந்ததும் அந்த வாதம் அடங்கிவிட்டது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், இவர்கள் கணக்கில் 0.03. நாமக்கல் பைபாஸில் பிடித்திருந்தாலும் இரண்டு மடங்கைத் தாண்டியவன் நான். ‘சரக்கு வண்டியில் இருக்கலாம், டிரைவருக்குள் இருக்கக் கூடாது’ என்று நீங்கள் ஆபீஸ் வாசலில் சொல்லும்போது பக்கத்தில் நின்று சிரித்தவனும் நான்தான்.

வெளிமாநில வழக்குதானே, அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடு என்றார் ஒரு நண்பர். அப்படி விடுகிற விஷயமில்லை இது. லைசென்ஸ் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள 45 மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. யூட்டாவும் கலிபோர்னியாவும் அதில் உண்டு. அங்கே தண்டனை விழுந்தால் செய்தி இங்கே வந்துவிடும். யூட்டா தன் சாலைகளில் நான் ஓட்டுவதைத்தான் தடுக்க முடியும். என் லைசென்ஸைத் தொடுவதா இல்லையா என்பது கலிபோர்னியாவின் கையில். வாய்தாவுக்குப் போகாமல் இருந்தாலோ பிடிவாரண்ட். ஓட்டும் உரிமைக்கான விசாரணையைக் கைதான 10 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அதில் ஆறு நாளை வெட்கத்திலேயே கழித்தேன். ஏழாம் நாள் யூட்டாவில் ஒரு வக்கீலைப் பிடித்தேன், எட்டாம் நாள் அவர் மனுப் போட்டார். குற்றம் உறுதியானால், முதல் முறை என்றாலும் குறைந்தது இரண்டு நாள் சிறை, அல்லது அதற்கு ஈடாக 48 மணி நேரப் பொதுப்பணி; அபராதம் 700 டாலருக்குக் குறையாது. வழக்கு ஜனவரியில் மறுபடி வருகிறது.

இதெல்லாம் பணத்தோடும் அலைச்சலோடும் போய்விடும். அக்டோபரில் வந்த மின்னஞ்சல்தான் என்னை உட்காரவைத்தது. என் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானதே போதும் என்பது 2015 முதல் இவர்கள் நடைமுறை. வேலைக்கு ஆபத்தில்லை, இங்கே தங்கவும் தடையில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால்தான் சிக்கல். திரும்பி வரச் சென்னையில் புது விசா கேட்க வேண்டும். கைதானதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும், அவர்கள் குறிக்கும் மருத்துவரிடம் குடிப்பழக்கம் உண்டா என்று பரிசோதனைக்குப் போக வேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று வக்கீலாலும் சொல்ல முடியவில்லை. வழக்கு முடியும்வரை நகராதே என்கிறார்.

வா, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். வீட்டுக்கடனை நினைத்தால் அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

என் இடத்தில் சேலம் சித்தி மகனை உட்காரச் சொல்லுங்கள். அவனும் பாப்பாவுக்குத் தாய்மாமன் முறைதானே. அவனிடம் நானே பேசிவிட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சீருக்கான பணத்தை உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன். தோட்டை அக்காவே பார்த்து எடுக்கட்டும். ஒன்றே ஒன்று: பெரியவளுக்குக் குத்தும்போது நான் ஒரு கையைத்தான் பிடித்திருந்தேன், மறு கையால் ஆசாரியின் ஊசியைத் தட்டிவிட்டாள். பாப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்