ஜன்னலோரம் யாருக்கு?

அன்புள்ள தேவி,

உன் கடிதம் வந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே லண்டனில் எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை.

பிள்ளைகளோடு இங்கே வரும் விமானத்தில் சீட் எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலைக் கேட்டு வாங்கு என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆறு மாசக் குழந்தை என்றால் நானும் அதையே சொல்வேன். உன் சின்னவளோ பதினாலு மாசத்துக்காரி, போட்டோவில் பார்த்தாலே பத்து கிலோவைத் தாண்டியிருப்பாள் போலிருக்கிறது. பல விமானங்களில் தொட்டில் தாங்கும் எடையே பத்து, பதினொரு கிலோதான். அப்படியே கிடைத்தாலும், விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். அப்புறம் அவளைத் திரும்பத் தூங்கவைப்பது உன் பாடு.

அந்த வரிசைக்கு முன்னால் சீட் கிடையாது, வெறும் சுவர். அதனால் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடிந்திருக்கும், கைப்பிடியை அசைக்க முடியாது. பையையும் காலடியில் வைக்க விடமாட்டார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது மேலேதான் இருக்கணும். பிள்ளை பாட்டிலுக்கு அழுவதும் சரியாக அந்த நேரம்தான்.

சாதாரண வரிசையில் நடுக் கைப்பிடியைத் தூக்கிவிடலாம். ஜன்னலோரம் பெரியவன், நடுவில் நீ, நடைபாதை ஓரம் சின்னவளோடு உன் வீட்டுக்கார அண்ணன். பெரியவன் ஜன்னல் பக்கம் சாய்ந்து காலை உன் மடியில் நீட்டினால் பாதி வழி தூங்கிவிடுவான். பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கணும், அந்தத் தூக்கம் போதும் உனக்கு. அவனை நடைபாதை ஓரம் மட்டும் உட்காரவைக்காதே. தள்ளுவண்டி வரும்போது பிள்ளைகள் காலை, முழங்கையை வெளியே நீட்டாமல் இருக்கமாட்டார்கள். சூடான டீயும் அவன் தலைக்கு மேலேதான் கைமாறும்.

உன் நாத்தனாரும் கைக்குழந்தையோடு வருகிறாள் என்றாயே, உங்கள் மூன்று சீட்டில் ஒன்றை அவளுக்குக் கொடுத்து உட்காரவைக்க விடமாட்டார்கள். மூன்று சீட்டுக்குப் பொதுவாக நாலு ஆக்ஸிஜன் முகமூடிதான் இருக்கும், மடிக்குழந்தை ஒன்றுக்குத்தான் கணக்கு சரியாகும். அவளுக்கு உங்கள் பின் வரிசையிலோ எதிர்ப்பக்கமோ எடு.

கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். சில விமானங்களில் அந்த சீட் சாயாது. பாத்ரூம் கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், வரிசையில் நிற்பவர்கள் பேச்சு வேறு. இறக்கை பக்கம் குலுக்கல் குறைவு. எஞ்சின் இரைச்சல் இருக்கும்தான், ஆனால் என் பிள்ளைகள் அந்த இரைச்சலில்தான் நன்றாகத் தூங்கினார்கள்.

நாலு பேருக்கும் ஒரே பி.என்.ஆர்.தானா என்று பார்த்துக்கொள். 12 வயது வரையான பிள்ளைகளுக்கு, அதே பி.என்.ஆரில் வரும் அம்மா அப்பாவில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தரணும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. உத்தரவு போட்டது. ஒருவர்தான், கவனி. மூன்று சீட்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இப்போதே காசு கட்டி எடுத்துவிடு. எடுத்த பிறகும் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார். போன வருஷம் எங்களுக்கு விமானத்தையே மாற்றிவிட்டார்கள், எடுத்த சீட்டெல்லாம் ஆளுக்கொரு மூலையாகப் போய், போன் போட்டுக் கத்தித்தான் சேர்த்து வாங்கினோம்.

சீட் எண்ணும் விமானம் எந்த வகை என்பதும் தெரிந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா