சுட்டுத் தள்ள மட்டும்தான் மருத்துவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முதல் உலகப் போர் பற்றிய கட்டுரையில், "காயம்பட்ட குதிரையைச் சுட்டுத் தள்ளுவதைத் தவிரப் படைக் கால்நடை மருத்துவருக்குப் பெரிய வேலையில்லை" என்றிருந்தது. பலே!

தாங்கள் அறியாததல்ல. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் (1899–1902) பிரிட்டன் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை இழந்தது. குண்டடியை விடப் பட்டினியும் களைப்பும் நோயுமே அதிகம் கொன்றன. அந்தச் சூடு பட்ட பிறகுதான் 1903-இல் படைக் கால்நடை மருத்துவப் பிரிவே வந்தது. 1914–18-இல் பிரான்சில் இருந்த அதன் மருத்துவமனைகள் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தந்தன. நான்கில் ஏறக்குறைய மூன்று தேறின. சுட்டுத் தள்ளிய லட்சணம் இது!

கிளாண்டர்ஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கிடையாது, மனிதருக்கும் தொற்றும். நோய் இருக்கிறதா என்று சோதிக்க, அந்நோய்க் கிருமியிலிருந்து எடுத்த மாலீன் என்ற சாற்றைக் கீழிமைத் தோலுக்குள் 0.1 மில்லி ஏற்றி, 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் பார்க்க வேண்டும். இமை வீங்கிக் கண்ணில் சீழ் கோத்தால் மட்டுமே துப்பாக்கி. பார்க்காமல் விட்ட ஒரே குதிரை, பொதுத் தண்ணீர்த் தொட்டி வழியாக லாயத்தையே காலி செய்துவிடும்.

இன்னொன்று, ஆணி. களச் சமையற்காரர்கள் பெட்டிப் பலகையை எரித்துச் சாம்பலைப் பாதையில் கொட்டுவார்கள். பலகை எரிந்துவிடும், ஆணி எரியுமா? குளம்படியில் ஏறிவிடும். லாடத்தைக் கழற்றி, துளையைச் சீவி அகலப்படுத்தி, சீழை வடித்து, வெந்நீரில் காலை ஊறவைக்க வேண்டும். துளை சிறியதாயிற்றே என்று மேலாகத் துடைத்து அனுப்பினால் சீழ் உள்ளேயே மேலேறிக் குளம்பு கழன்றுவிடும்.

தவறே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1916–17 குளிர்காலத்தில் சொறிக்காக மயிரை ஒட்டக் கத்தரித்த குதிரைகள், தீனியும் குறைந்து, ஏப்ரலில் பிரான்சின் அராஸ் போர்க்களப் பனியிலும் சேற்றிலும் கொத்துக் கொத்தாகச் செத்தன. கட்டுரையாளர் இதைப் பிடித்துத் திட்டியிருந்தால் விஷயம் தெரிந்து திட்டுகிறார் என்று தலைவணங்கியிருப்பேன்.

உங்கள் இதழுக்கு இது புதிதுமல்ல. சினிமாப் பக்கத்துக்குச் சிரிப்பு வற்றினால் 'மாட்டு டாக்டர்' வந்துவிடுவார். வெறிநோய் பற்றி நான்கு பக்கம் எழுதினீர்கள். கருத்துச் சொன்னவர்களில் கால்நடை மருத்துவர் ஒருவர்கூட இல்லை. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இதெல்லாம் பழகித்தான் போயிற்று.

ஒரு திருத்தமாவது வெளியிடுங்கள். கட்டுரைப் படத்தில் பொதி சுமந்து நிற்பது 'கழுதை' அல்ல, கோவேறு கழுதை. காதை மட்டும் பார்த்துவிட்டார்கள், வாலையும் பார்த்திருக்கலாம். கழுதைக்கு மாட்டு வாலைப் போல நுனியில்தான் குஞ்சம். படத்தில் உள்ளதற்கு அடியிலிருந்தே மயிர் தொங்குகிறது.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் (ஓய்வு), ஈரோடு